தூக்குவாளி மூடியில் வரைந்த ஏலக்காய்

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யாராக இருப்பார் என்றும் எனக்குத் தெரியாது. எனக்கே இப்போது பத்தாம் வகுப்புதான் நடக்கிறது. ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுதத் தெரிந்த ஒரே கடிதம் இதுதான். தமிழ் ஐயா இந்த வாரம் கொடுத்த வீட்டுப்பாடம், விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்குத் தந்தை எழுதும் கடிதம். நலம் விசாரித்துத் தொடங்கி, நன்றாகப் படி, தீயவர்களோடு சேராதே, உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடிக்க வேண்டும். அதை எழுதி முடித்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. நான் ஒருநாளும் தந்தை ஆகப்போவதில்லை, அம்மா ஆகலாம் என்று தோன்றியது. அம்மா ஆகும்போது இன்றைக்கு இருக்கும் இந்தப் பயம் எனக்கு மறந்து போயிருக்கும். பெரியவர்கள் எல்லாருக்கும் மறந்துதான் போயிருக்கிறது. மறப்பதற்கு முன்னால் உன்னிடம் சொல்லி வைத்துவிடுகிறேன். நீ வளர்ந்து, மீசை முளைத்து, வேலைக்கோ கல்யாணத்துக்கோ வீட்டை விட்டுக் கிளம்பும்போது இதைப் படித்தால் போதும்.

சிம்னி விளக்கின் திரியை இறக்கி, அம்மாவின் முகத்தில் வெளிச்சம் விழாதபடி பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அம்மா உன் பாட்டி. பெயர் பாண்டியம்மாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, அதனால் இதைப் படித்துவிடுவாள் என்ற பயம் இல்லை. ஆனால் விழித்துக்கொண்டால் நான் அழுதிருக்கிறேன் என்று தெரிந்துவிடும். நாளைக்கு அவளுக்கு இருக்கும் கவலையோடு அதுவும் சேரும். காலையில் நானும் அவளும் அவள் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கிடங்குக்கு, எங்கள் பேச்சில் கிட்டங்கிக்கு, போக வேண்டும். நான் வரைந்த ஒரு படத்தைச் சுருட்டிக் கையில் கொண்டுபோக வேண்டும். படத்தில் இருப்பது என்ன என்று முதலாளி என்னைக் கேட்பார். நான் சொல்லும் பதிலை வைத்துத்தான் அம்மாவுக்கு இனிமேல் வேலை உண்டா இல்லையா என்று முடிவாகும்.

இங்கே போடியில் காய் என்று சொன்னால் ஏலக்காய்தான். நீ வளரும் ஊர் எதுவோ, அதனால் இதைச் சொல்கிறேன். மலையில் பறித்து, அங்கேயே உலர்த்தி, மூட்டை கட்டி, போடிமெட்டு வழியாக ஜீப்பில் இறக்குவார்கள். கிட்டங்கியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுளகில் போட்டுப் புடைத்து, பச்சைக் காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பொறுக்குவார்கள். அம்மா அதில் ஒருத்தி. சாயங்காலம் அவள் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை வந்துவிடும். அவள் பிசைந்து தரும் சோற்றில், என் தலையில் தேய்க்கும் எண்ணெயில், நாங்கள் போர்த்திக்கொள்ளும் பழைய சேலையில், எல்லாவற்றிலும் அந்த வாசனை. ஆனால் எங்கள் வீட்டில் காய் போட்டு எதுவும் செய்ததில்லை. பொங்கலுக்கு வெல்லம் போடுவோம், காய் போட மாட்டோம். பொறுக்குகிற பெண்கள் யார் வீட்டிலும் போட மாட்டார்கள். விலை ஒரு காரணம். இன்னொரு காரணம், சர்க்கரைப் பொங்கலில் காய் மணந்தால் பக்கத்து வீட்டுக்காரி எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். வேலை முடிந்து கிளம்பும்போது ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று மடியை உதறி, தூக்குவாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அப்படி இருக்கும்போது யார் தன் வீட்டில் அதை மணக்க விடுவாள்?

மத்தியானச் சாப்பாடு கிட்டங்கிக்கு உள்ளேயே, பின்பக்கத் தாழ்வாரத்தில். நல்ல நிழலும் குடிக்கத் தண்ணீரும் உண்டு. அங்கே யாரும் வட்டமாக உட்கார மாட்டார்கள். ஒவ்வொருத்தியும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, தூக்குவாளியின் மூடியை இடது கையில் நிறுத்திப் பிடித்து, அதன் மறைவில் சாப்பிடுவாள். தன் வாளிக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்தவளுக்குத் தெரியக் கூடாது. கேட்டால் எல்லாருடைய பதிலும் ஒன்றுதான். "என்ன பாண்டியம்மா, இன்னைக்கு என்ன?" "நெல்லுச்சோறுதாங்க்கா, நேத்து வச்ச கொழம்பு." ஆனால் அம்மாவின் வாளியில் இருப்பது கேப்பைக் களி. ரேஷன் அரிசி எனக்கும், சனிக்கிழமை மலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வரும் அப்பாவுக்கும்தான். ஒரு விடுமுறை நாளில் அம்மா வாளியை மறந்துவிட்டுப் போனாள். நான் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் மடியை ஒட்டி உட்கார்ந்தேன். அப்போதுதான் மூடிக்கு உள்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு உருண்டைக் களி, அதன் நடுவில் விரலால் அழுத்திய குழி, குழியில் கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம். அம்மா வேகமாகச் சாப்பிட்டாள். யாரோ வந்துவிடப் போகிறார்கள் என்பது போலச் சாப்பிட்டாள்.

படம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் ஓவிய டீச்சர் மதுரையிலிருந்து வந்தவர். பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்த ஓவியங்களை வெட்டி அட்டையில் ஒட்டி வகுப்புக்குக் கொண்டுவந்தார். அதில் ராஜாவும் இல்லை, சாமியும் இல்லை. ஒரு மர மேசை, அதன் மேல் காய்ந்த ரொட்டி, உப்பு வைத்த கிண்ணம், ஒரு மீன், பாதி உரித்த எலுமிச்சம்பழம். இன்னொன்றில் ஒரு பெண் ரொட்டியை நெஞ்சோடு அணைத்து அறுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் எல்லாரும் சிரித்தோம். "சாப்பாட்டயெல்லாமா டீச்சர் படமா வரைவாக?" என்று ஒருத்தி கேட்டாள். "இது கருவாடு மாதிரி இருக்கே டீச்சர்" என்றாள் இன்னொருத்தி. "கருவாடேதான். அவுங்க ஊருக் கருவாடு" என்றார் டீச்சர். பிறகு, அந்த ஓவியர்கள் சும்மா வரைய மாட்டார்கள் என்றார். எலுமிச்சை பார்க்கப் பளபளப்பாக இருக்கும், நாக்கில் வைத்தால்தான் தெரியும். அந்த வீட்டு வாழ்க்கை அப்படி என்று பழம் சொல்கிறது. உப்பு கொஞ்சமாக இருந்தால் வீட்டில் இருப்பும் கொஞ்சம். ரொட்டி அறுக்கும் பெண்ணின் கை ரொட்டியைவிடப் பெரிதாக இருக்கிறது, பாருங்கள். அந்த ரொட்டி யாருடைய உழைப்பு என்று ஓவியர் சொல்கிறார். ஏழை வீட்டுச் சாப்பாட்டை வரையும்போது மூலையில் ஒரு சின்னப் பொருளை வைப்பார்கள், வீட்டுக்காரர்கள் வாய் திறந்து சொல்லாததை அது சொல்லும். டீச்சர் பேசியது இவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. டீக்கடையில் தொங்கும் பன்னும், சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு முன்னால் பங்காளிகள் இறக்கி வைத்த சோற்று அண்டாவும், பஸ்சுக்குக் காத்திருப்பவரின் மஞ்சள் பையிலிருந்து எட்டிப் பார்த்த முள்ளங்கியும் என்னவோ சொல்வதாகத் தோன்றியது.

ஆண்டு விழாவுக்கு ஓவியப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, நம் வீட்டுச் சாப்பாடு. மற்றவர்கள் வாழையிலை விருந்தும் பொங்கல் பானையும் வரைந்தார்கள். நான் அம்மாவின் மத்தியானச் சாப்பாட்டை வரைந்தேன். களி, வெங்காயம், பிட்டெடுக்கும் அம்மாவின் கை, தரையில் மல்லாக்க வைத்த மூடி. படம் முழுக்கப் பழுப்பும் சாம்பலுமாக இருந்தது. எலுமிச்சைக்கு நான் எங்கே போவேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வேலையிலிருந்து வந்த அம்மா சேலையை அவிழ்த்து உதறினாள். கொசுவத்தின் மடிப்பிலிருந்து ஒரு காய் விழுந்தது. வாசலில் உதறும்போது விழாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கதவைத் தாழிட்டாள். அதை ஒரு தாளில் மடித்துச் சுவர்ப் பிறையில் வைத்து, "நாளைக்கு மொத சோலியா இதக் கொண்டுபோயிக் குவியல்ல போட்றணும்" என்றாள். அவள் அடுப்படியில் இருந்தபோது நான் தாளைப் பிரித்துப் பார்த்தேன். அவ்வளவு அழகான பச்சை. காம்பு, மேலே ஓடும் கோடுகள், மூன்று பக்கமாகப் புடைத்த வயிறு. அம்மாவின் கைக்கு இதைவிடப் பக்கத்தில் எதுவும் இல்லை, அவள் வாய்க்கு இதைவிடத் தூரத்திலும் எதுவும் இல்லை என்று நினைத்தேன். படத்தில் மூடியின் மேல் அதை வைத்து வரைந்தேன். மறுநாள் அம்மா காயைக் கொண்டுபோய்க் குவியலில் போட்டுவிட்டாள். நான் வரைந்தது அவளுக்குத் தெரியாது.

மகனே, அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எலுமிச்சை என்ன சொல்லியிருந்தாலும் சரி, போடியில் பொறுக்குகிறவளின் வாளி மூடியில் ஒரு காய் இருந்தால் அது ஒன்றைத்தான் சொல்லும். திருட்டு. சின்னப் பிள்ளையிலிருந்து அம்மா மடி உதறுவதைப் பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை. படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. விழா அன்று அதைப் பெரிய வகுப்பறையில் மாட்டி, கீழே 'என் அம்மாவின் மதிய உணவு' என்று எழுதி, என் பெயரும் வகுப்பும் போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினராக வந்தது அம்மாவின் முதலாளிதான். அவரோடு கிட்டங்கிக் கணக்குப்பிள்ளையும் வந்திருந்தார். முதலாளி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே போனார். கணக்குப்பிள்ளை என் படத்துக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். படம் அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

மறுநாள் சாயங்காலம், அம்மாவோடு பொறுக்குகிற வெள்ளத்தாயி அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "ஏ பாண்டியம்மா, நாளைக்கு நீ சோலிக்கு வர வேணாமாம். வியாழக்கெழம ஒம்மகளக் கூட்டிக்கிட்டு, அந்தப் படத்தயும் கொண்டாரச் சொல்றாரு கணக்குப்பிள்ள." அம்மாவுக்குப் புரியவில்லை. "எந்தப் படம்? புள்ள பரிசு வாங்குனதுக்கு எதுவும் குடுக்கப் போறாகளா?" என்று கேட்டாள். "ஆமா, குடுப்பாக. ஒம்மக வரைஞ்ச வாளியில காய் இருக்காம்டி. ஒங்க வீட்டுக் களியும் இருக்காம். ஊரே பாத்துருச்சு." அத்தை போன பிறகு அம்மா என்ன படம் என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே டீச்சர் சொன்னதையெல்லாம் சொன்னேன். காய் திருட்டைப் பற்றித்தான் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. "காய விடு. இத்தன வருசமா நெல்லுச்சோறு நெல்லுச்சோறுன்னு சொல்லி மானத்தக் காப்பாத்துனேன். வாளியத் தொறந்து எல்லாத்துக்கும் காட்டிட்டியே ஆத்தா" என்றாள்.

படத்தைப் பார்க்கிறாயா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். சுருட்டியபடியே மூலையில் நிற்கிறது. நாளைக்கு என்ன சொல்வது என்று எனக்கு இரண்டு பேர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். டீச்சர், அது ஒரு அடையாளம் என்று தைரியமாகச் சொல் என்றார். அவரால் வர முடியாது. கிட்டங்கி விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாராம். அம்மா வேறு சொன்னாள். "அது சுண்டக்காய்னு சொல்லிரு. சுண்டக்காயும் பச்சதான. யாரு கண்டா?" டீச்சர் சொன்னதைச் சொன்னால் கணக்குப்பிள்ளை சிரிப்பார். அம்மா சொன்னதைச் சொன்னால் பொய். நடந்ததைச் சொன்னால், காய் வீட்டுக்கு வந்தது உண்மை என்று ஆகிவிடும். வேலை போனால் அம்மா என்ன செய்வாள்? அப்பா மலையில் மலையாளிகளோடு இருந்து இருந்து, போதும் என்பதற்கு மதி என்றுதான் சொல்வார். சனிக்கிழமை வந்து, படிச்சது மதி, அம்மாவும் மகளும் எஸ்டேட்டுக்கு ஏறுங்கள் என்று சொல்லிவிடலாம். அத்தை வந்து சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. களியை மறைவாகச் சாப்பிட்டு எனக்கு அரிசி வைத்தவளைப் படம் வரைந்து பரிசு வாங்கியிருக்கிறேன்.

நீ ஆண்பிள்ளையாகப் பிறந்தால் உனக்குத்தான் முதலில் சோறு போடுவேன் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று நினைத்தாலும் என் கை அப்படித்தான் பழகியிருக்கும். நீ சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகு சும்மாவாவது ஒருமுறை திரும்பி வா. நான் எதைச் சாப்பிடுகிறேன் என்று பார். பார்த்ததை வெளியே போய்ச் சொல்வதற்கு முன்னால் என்னிடம் கேள். எண்ணெய் தீரப் போகிறது. விளக்கை அணைக்கிறேன்.

இது வெள்ளிக்கிழமை ராத்திரி. வீட்டுப்பாட நோட்டின் கடைசித் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள். இரண்டு நாளில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலையில் போனோம். அம்மா துவைத்த சேலையைக் கட்டியிருந்தாள். வழியில், "சுண்டக்காய். நெனப்புல வச்சுக்க. அழுதுறாத" என்று மட்டும் சொன்னாள். முதலாளி மேசைக்குப் பின்னால் இருந்தார். கணக்குப்பிள்ளை படத்தை வாங்கி விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் எடைக்கற்களை வைத்தார். "பாருங்க மொதலாளி. காம்பு மொதக்கொண்டு இருக்கு. கண்ணால பாக்காம இப்பிடி வரைய முடியுமா?" கதவு திறந்துதான் இருந்தது. வெளியே சுளகுச் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி விரலை மூடியின் மேல் வைத்து, "இது என்னம்மா?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன். சு என்ற எழுத்து வந்துவிட்டது.

அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். தன் கையையும், விரல் பதிந்த களியையும், மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அடுத்த எழுத்தைச் சொல்வதற்குள், "காய்தான் மொதலாளி" என்றாள்.

கணக்குப்பிள்ளை கையைத் தட்டினார். "ஒத்துக்கிட்டாளா?"

"சுண்டக்காய்னு சொல்லுன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். இப்பப் பாத்தா மனசு வரல. இத சுண்டக்காய்ன்னா எம்புள்ளைக்கு வரையத் தெரியலன்னு ஆயிரும்ல" என்றாள் அம்மா. "கொசுவத்துல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. மறுநா மொத ஆளா வந்து குவியல்ல போட்டுட்டேன். ஒத்தக் காய வச்சு நான் எந்த அரமனைக்குப் பாயசம் காச்சப் போறேன்?"

"நீ போட்டத யாரு பாத்தா?"

"நான் எடுத்தத யாரு பாத்தா?"

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெள்ளத்தாயி அத்தையின் சிரிப்பு அது. கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்து, "கையி நின்னுருச்சு, வாயி மட்டும் நடக்குதோ?" என்று அதட்டினார். சுளகுச் சத்தம் மறுபடி கேட்டது. முதலாளி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. என்னைப் பார்த்து, "எதுக்காக இத இங்க வரைஞ்ச?" என்றார். டீச்சர் சொன்ன அடையாளம் என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை. "அம்மா அதத் தின்னதே இல்லன்னு சொல்றதுக்கு" என்றேன். அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "தின்னதில்லன்னு சொல்றதுக்கு, திங்க வச்சிருக்க மாதிரி வரைவாகளா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நீ என்னைவிட நன்றாக வரையலாம், அப்போது உனக்குத் தெரிந்திருக்கலாம்.

கடைசியில் அவர் அம்மாவிடம், "நாளைக்குச் சோலிக்கு வா" என்றார். அம்மா கும்பிட்டாள். ஆனால் அவர் முடிக்கவில்லை. கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பி, "இனிமே வாளி எதுவும் உள்ள வரக்கூடாது. ஒருத்திக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்தான். வெளியவே வச்சுச் சாப்புட்டுட்டு வரட்டும்" என்றார். நாங்கள் படத்தைச் சுருட்டிக்கொண்டு பொறுக்குகிற பெண்களுக்கு நடுவே வெளியே வந்தோம். ஒருத்தியும் அம்மாவோடு பேசவில்லை. வாசல் தாண்டும்போது வெள்ளத்தாயி அத்தை மட்டும், "ஒம்மகளுக்குப் பரிசு, எங்களுக்கு ரோட்டு வெயிலா? நல்லாருக்குடி" என்றாள். மற்றவர்கள் பேசாமல் இருந்ததைவிட அதுவே மேல் என்று அம்மா வீட்டில் சொன்னாள்.

இன்று மத்தியானம் எனக்கு வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் கிட்டங்கிப் பக்கம் ஓடினேன். எல்லாரும் சேர்ந்து அம்மாவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று பயந்தேன். கிட்டங்கியின் மதில் ரோட்டை ஒட்டி இருக்கிறது. உச்சி வெயிலில் அதன் நிழல் ஒரு சாண்கூட இல்லை. அந்த நிழலில் தலையாவது இருக்கட்டும் என்று எல்லாரும் மதிலில் முதுகைச் சாய்த்து, ரோட்டைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பினால் முதுகு வெந்துவிடும். மூடியை நிறுத்திப் பிடிக்கவும் முடியாது. ஜீப்பு போகிற ஒவ்வொரு தடவையும் புழுதி எழும்புகிறது, வாளியை மூட வேண்டும். மடியில் வாளியை வைத்துக்கொண்டு யாரும் திறக்காமல் இருந்தார்கள். யார் முதலில் திறப்பது என்று காத்திருந்தது போல இருந்தது. நான் எதிர்ப்பக்கம் லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்புக்குப் பின்னால் நின்றேன்.

அம்மாதான் திறந்தாள். மூடியைத் தரையில் வைத்துவிட்டு, "என்னுது எல்லாரும் பாத்ததுதான. எனக்கு என்ன மறைப்பு?" என்றாள். களியைப் பிட்டாள். பக்கத்தில் இருந்த வெள்ளத்தாயி அத்தை அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, தெனம் நெல்லுச்சோறு, நெல்லுச்சோறுன்னு எங்காதுல ஊதுனியே."

"நீயுந்தான் சொன்ன. ஒன்னுதத் தொற."

"எனக்குக் கூழுடி. நேத்துக் கூழு. மோரு ஊத்துனதுனால பாக்க வெள்ளையா இருக்கும், நானும் சோறுன்னு சொல்லிக்கிருவேன்." அத்தை திறந்து காட்டினாள். அதற்கு அடுத்தவளும் திறந்தாள். அவளிடம் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. மலைக்காரப் பேச்சில் கப்ப என்று சொல்லி, "மொறைக்காதீங்கடி, மலையில இருந்து எந்தம்பி குடுத்தனுப்பினது" என்றாள். நெல்லுச்சோறு கொண்டுவந்தவள் ஒருத்தி இருந்தாள். அவள்தான் எல்லாரையும்விடக் கூச்சப்பட்டாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள் என்று நினைக்காதே, மகனே. ஓரத்தில் ஒரு அக்கா முந்தானையால் வாளியை மூடிக்கொண்டு, அதற்குள் கையை விட்டுத்தான் சாப்பிட்டாள். இன்னொருத்தி திறக்கவே இல்லை. பசியோடு எழுந்து உள்ளே போனாள். அவளை நான் அப்படி எழுந்து போக வைத்தேன். அதை நான் மறந்துபோனால் நீ எனக்கு ஞாபகப்படுத்து.

அப்போது அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். "ஏ ஆத்தா, அங்கன ஏன் ஒளிஞ்சு நிக்கிற? வெரசா வா. ஒரு வாய் வாங்கிட்டுப் போ."

சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் அந்த ரோட்டில்தான் வருவார்கள். என் வகுப்புப் பெண்கள் கும்பலாகப் பின்னால் வருவது கேட்டது. ஆண்டு விழாவில் என் படத்துக்கு முன்னால் நின்று கை தட்டியவர்கள் அவர்கள். படத்தில் அம்மாவின் கை இருந்தது, வாளி இருந்தது. நான் இல்லை. வரையும்போது நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதலாளிக்கு முன்னால் நின்றபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை. பேசாமல் ஜீப்புக்கு அந்தப் பக்கமாக நழுவிப் பள்ளிக்கூடத்துக்கே போய்விடலாம். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் வராததைக்கூட யாரிடமும் சொல்ல மாட்டாள். ஒரு வாய்க்கு அளவாகக் களியை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோட்டைக் கடந்தேன். "நகருங்கடி, எம்மக ஒக்காரட்டும்" என்று அம்மா சொன்னதும், வெள்ளத்தாயி அத்தை முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்தாள். வெள்ளைத் தாவணியோடு மண்ணில் உட்கார்ந்தேன். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தொட்டு அப்படியே விழுங்க வேண்டும். வீட்டில் அரிசிச் சோறே தின்று வளர்ந்த எனக்கு அது தெரியவில்லை. மென்றேன். வாயெல்லாம் ஒட்டிக்கொண்டது. "மெல்லாத, முழுங்கு" என்றாள் அம்மா. என் வகுப்புப் பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டாள். வாய் நிறையக் களி. அவள் பக்கம் திரும்பி, கையை ஆட்டினேன்.

நாளை அப்பா வருகிறார். அவரிடம் யார் என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது. இன்றைக்கு மத்தியானம் அந்த முதல் வாயை நான் விழுங்கி முடிப்பதற்குள் அம்மா அடுத்ததைப் பிட்டுக் குழம்பில் தொட்டுவிட்டாள். உனக்கு வேண்டுமே, அம்மா என்றேன். "எனக்கு இருக்கு, வாயத் தொற" என்றாள். வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது பொய். பாதி உருண்டைதான் மிச்சம் இருந்தது. அவள் கையிலிருந்து அந்த வாயை வாங்கி, அவள் வாயில் கொடுத்தேன்.

உன்னைப் பெறப்போகிறவள்.